நான்கு வருடமாகத் தினம் ஒரு கேஸ் மாத்திரை: நிறுத்த வழி உண்டா?

#1 பனியன்_ஊர்

வணக்கம் நண்பர்களே. வயது 44. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி நெஞ்சைக் கரித்து, தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர் ஏறி, படுக்கவே முடியாமல் விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பக்கத்து கிளினிக்கில் பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூலைப் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே சரியாகிவிட்டது. பத்து நாள் முடிந்ததும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் மறுபடி எரிச்சல். அந்தப் பழைய சீட்டைக் காட்டியே கடையில் வாங்க ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் சீட்டைக்கூடக் கேட்பதில்லை, என்னைப் பார்த்ததும் ஒரு பட்டை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர பத்து மணி ஆகும். சாப்பிட்டதும் படுத்துவிடுவேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ. புகை, குடி இரண்டும் இல்லை. எடை 84 கிலோ, உயரம் ஐந்தடி ஆறு அங்குலம்.

என் பயம் இதுதான்: ஒரு நாள் மாத்திரை போடாவிட்டால், முதன்முதலில் வந்ததைவிட மோசமாக எரிகிறது. அப்படியானால் என் வயிறு அவ்வளவு கெட்டுவிட்டதா? ஆயுசுக்கும் இதுதானா? கொழுந்தியாள் 'கிட்னி போய்விடும்' என்று சொல்லியதில் இருந்து வீட்டில் தினமும் இதே பேச்சு.

#2 வேப்பங்காற்று

இன்றைக்கே நிறுத்துங்கள் சகோதரரே. எனக்கும் இதே கதைதான். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு, சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்த தண்ணீர், மதியம் மோர், ராத்திரி அதிமதுரப் பொடி என்று மாறினேன். மூன்று மாதத்தில் விடுதலை. பசிக்குச் சாப்பிட்டு, பசித்த பின் அடுத்ததைச் சாப்பிடுவதுதான் நம் முன்னோர் வழி. அமிலத்தை அடக்கிக்கொண்டே இருந்தால் சோறு எப்படிச் செரிக்கும்?

#3 மதுரை_மருந்தாளுநர்

பனியன் ஊர் சார், இருபது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். உங்களைப் போல மாதத்துக்கு ஐம்பது பேரையாவது பார்க்கிறேன். முதலில் அந்தப் பயத்தை எடுத்துவிடுகிறேன்: நிறுத்தினால் அதிகமாக எரிகிறது என்பதை மட்டும் வைத்து வயிறு கெட்டுப்போனது என்று முடிவு கட்டக் கூடாது.

பான்டோபிரசோல், ஒமெப்ரசோல், ராபெப்ரசோல் எல்லாம் இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் 'பம்ப்'புகளை அடைப்பவை. அமிலம் குறைந்ததும் உடம்பு சும்மா இருக்காது. காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டி 'இன்னும் சுரந்து கொடு' என்று தள்ளிக்கொண்டே இருக்கும். மாத்திரை இருக்கும்வரை அது வெளியே தெரியாது. திடீரென்று நிறுத்தினால் அணை உடைந்த மாதிரி அமிலம் வரும். டென்மார்க்கில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாத 120 பேரில் பாதிப்பேருக்கு எட்டு வாரம் இதே வகையைச் சேர்ந்த ஈசோமெப்ரசோல் கொடுத்து, பிறகு அவர்களுக்கே தெரியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் போன்ற தொந்தரவு வந்தது. முதலில் இருந்தே வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம்தான். நல்ல வயிற்றுக்காரர்களுக்கே எட்டு வாரத்தில் இந்த நிலை என்றால், நான்கு வருடம் எடுத்த உங்களுக்கு ஒரு நாள் விட்டாலும் எரிவதில் ஆச்சரியம் இல்லை. சில வாரங்களில் தணிந்துவிடக்கூடியது அது.

அதனால் வேப்பங்காற்று ஐயா சொல்வது போல இன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். படிப்படியாக இறங்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி. ஒன்று, மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? இரண்டு, இதைத் தவிர வேறு எந்த மாத்திரையாவது, எப்போதாவது, கடையில் கேட்டு வாங்கியதாக இருந்தாலும், போடுகிறீர்களா?

#4 பனியன்_ஊர்

ரொம்ப நன்றி சார். மாத்திரை ராத்திரி சாப்பிட்ட பிறகு. வேறு எதுவும் இல்லை. பத்து மணி நேரம் நின்றே வேலை என்பதால் இடுப்பு வலிக்கு மட்டும் ஒரு மாத்திரை, வாரத்தில் நான்கைந்து நாள். பட்டையைப் பார்த்தேன், டைக்ளோபினாக், பாரசிட்டமால் என்று போட்டிருக்கிறது. வலி மாத்திரைதானே என்று அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

#5 மதுரை_மருந்தாளுநர்

சார், அதைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். டைக்ளோபினாக், ஐபுப்ரோபென், நாப்ராக்சென் போன்றவை இரைப்பையின் உள்தோலைக் காக்கும் சளிப்படலத்தை மெலியச் செய்பவை. அதனால் புண் வரும். சில நேரம் வலியே இல்லாமல் ரத்தமும் கசியும். இடுப்புக்காக ஒரு மாத்திரை, அந்த மாத்திரை கிளப்பும் எரிச்சலுக்காக இன்னொன்று என்று நான்கு வருடம் ஓடியிருக்கலாம். நானே கடையில் இப்படி இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இப்போது எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

அப்புறம் அந்த நேரம். இந்த வகை மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். சாப்பாடு வரும்போதுதான் பம்புகள் விழிக்கும், விழித்த பம்பைத்தான் மருந்து அடைக்கும். சாப்பிட்டு முடித்துப் போட்டால் மருந்து வந்து சேர்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். உடைத்தோ மென்றோ போடவும் கூடாது.

கேப்ஸ்யூலில் இருக்கும் டோம்பெரிடோனையும் மருத்துவரிடம் கேளுங்கள். அது குமட்டலுக்கும் வாந்திக்குமான மருந்து. இதயத் துடிப்பின் சீரைச் சிலருக்குக் கெடுக்கலாம் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. நம் ஊரில் அது வருடக்கணக்கில் பான்டோபிரசோலோடு ஒட்டிக்கொண்டு போகிறது.

கிட்னி பயத்துக்கு: இந்த மாத்திரைகளால் சிறுநீரக அழற்சி வருவது அரிது, ஆனால் உண்டு. வருடக்கணக்கில் எடுத்தால் பி12, மக்னீசியம் குறையலாம். எலும்பு முறிவும் சற்றுக் கூடுதல் என்று சொல்கிறார்கள். தேவை உள்ளவருக்கு இதைவிட மாத்திரையின் நன்மைதான் பெரியது. உங்களுக்குத் தேவை இருக்கிறதா என்பதை யாருமே பார்க்கவில்லை, அதுதான் என் வருத்தம்.

#6 வெள்ளைச்_சீருடை

எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் அறையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கும் செவிலியர் நான். மருந்தாளுநர் அண்ணன் சொன்னதோடு இன்னொன்று.

நெஞ்செரிச்சலும் அஜீரணமும் ஒன்றல்ல. நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால் கீழிருந்து மேலே ஏறும் எரிச்சல், வாயில் புளிப்பு, குனிந்தாலும் படுத்தாலும் கூடுவது: இது எதுக்களிப்பு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் நேரம் கெட்ட நேரத்தில் தளர்வதால் வருவது. அமிலம் அதிகமாகச் சுரக்க வேண்டும் என்றே இல்லை, இருக்கும் அமிலம் இடம் மாறினாலே போதும். தொப்பை அழுத்தும், வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தால் இன்னும் அழுத்தும்.

மேல்வயிற்றில் வலி, இரண்டு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்ட உணர்வு, உப்புசம், குமட்டல்: இது வேறு. அதற்குப் பின்னால் புண் இருக்கலாம், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கலாம், பித்தப்பைக் கல் இருக்கலாம், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். 'கேஸ்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால்தான் எல்லோருக்கும் ஒரே மாத்திரை போகிறது.

அல்சருக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று வரும் நோயாளிகள் இன்றும் சொல்கிறார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் இந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. நம் நாட்டில் இந்தக் கிருமி மிகச் சாதாரணம். மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சின்னத் திசு என்று கண்டுபிடிக்கப் பல வழி உண்டு. ஒன்றை மறக்காதீர்கள்: பான்டோபிரசோல் எடுத்துக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். சோறு நெஞ்சில் அடைப்பது, விழுங்க வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, தார் போலக் கறுப்பு மலம், ரத்த வாந்தி, விடாத வாந்தி, ரத்தசோகை, 55 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த தொந்தரவு. (இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.)

குழாய் விடுவதற்குப் பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே, ஐந்து பத்து நிமிடம். ஓங்கரிப்பு வரும், உண்மை. மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் தாங்கிவிடலாம். நான் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

#7 தஞ்சை_மகன்

இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு அப்போது 61 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒரு கல்யாண வீட்டில் மதியம் சாப்பிட்டார். மாலை நான்கு மணிக்கு நெஞ்சுக்குழியில் அடைக்கிறது, ஏப்பம் வரமாட்டேன் என்கிறது என்றார். சோடா வாங்கிக் கொடுத்தோம். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் கேஸ் ஊசி போட்டு அனுப்பினார்கள், இசிஜி எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எட்டரை மணிக்குச் சட்டை நனைய வேர்த்துக் கொட்டியது, தாடை வலிக்கிறது என்றார். அப்புறம்தான் 108. மாரடைப்பு நான்கரை மணி நேரமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது.

உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது. மாடிப்படி ஏற முடியாது. தினமும் விடிகாலையில் வயலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த மனிதர்.

இதயத்தின் அடிப்பகுதியில் வரும் அடைப்பு அஜீரணம் போலவே தெரியுமாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி சரியாகத் தெரியாமலே போகலாமாம். அமில மருந்து குடித்து வலி குறைந்தாலும் அது இதயம் இல்லை என்று ஆகிவிடாது. வேர்வை, மூச்சிரைப்பு, தாடை, தோள், இடது கை வலி, நடந்தால் கூடும் அடைப்பு இருந்தால் சோடா தேடாதீர்கள். முதலில் இசிஜி. நம் தமிழ்நாட்டில் 2023-இல் 'இதயம் காப்போம்' என்ற திட்டம் வந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் தவணையைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள். அப்பாவுக்கு இது நடந்தது அதற்கு முன்னால்.

#8 வெள்ளைச்_சீருடை

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. முதல் இசிஜி சாதாரணமாக இருந்தாலும் அடைப்பு விடவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்லவும், இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனை கேட்கவும் தயங்காதீர்கள்.

#9 அடுப்படி_அக்கா

நான் மருந்து தெரிந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருக்கு எதுக்களிப்பு வந்தபோது செய்ததைச் சொல்கிறேன்.

ஊரில் ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். புளி வேண்டாம், தக்காளி வேண்டாம், காரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். எல்லாவற்றையும் விட்டால் பாவம் மனிதன் என்னதான் சாப்பிடுவார்? ஒரு நோட்டுப் போட்டேன். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எப்போது எரிந்தது. இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது: ரசம் ஒன்றும் செய்யவில்லை, மிளகாய்கூட அவ்வளவாகச் செய்யவில்லை. ராத்திரி ஒன்பதரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட நாள், வெறும் வயிற்றில் காபி குடித்த நாள், அதுதான் எரிந்த நாள். கொழுப்பு நிறைய இருந்தால் இரைப்பை காலியாகவே நேரம் எடுக்குமாம்.

ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்தேன், அளவையும் குறைத்தேன். இட்லி, இடியாப்பம், சில நாள் கஞ்சி. பெரிய வேலை அதுதான். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல், ஒன்றன்மேல் ஒன்று, ஏறத்தாழ ஆறு அங்குலம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும், வயிறு இன்னும் நசுங்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். பதினைந்து நாளில் ராத்திரி எழுந்து உட்காருவது நின்றது.

பனியன் ஊர் அண்ணா பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறார். அவர் என்ன செய்வார் என்றுதான் யோசிக்கிறேன். ஏழு மணி இடைவேளைக்கு டிபன் பாக்ஸில் இரவுச் சாப்பாட்டைக் கொண்டுபோய்விட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் மோரோ போதாதா?

#10 வேப்பங்காற்று

அக்கா சொன்னது பொன்னான வார்த்தை. மருந்தாளுநர் ஐயா சொன்ன ஆய்வு எனக்குப் புதிது. யோசித்துப் பார்த்தால் நான் நிறுத்திய முதல் மாதம் நரகமாகத்தான் இருந்தது, சீரகத் தண்ணீர் மெதுவாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் நம் வைத்தியத்தைக் கழித்துவிடாதீர்கள்.

#11 மதுரை_மருந்தாளுநர்

கழிக்கவே இல்லை ஐயா. சீரகத் தண்ணீர், நீர்மோர், சுக்கு யாரையும் கெடுக்காது, உப்புசத்துக்குப் பலருக்கு இதமாக இருக்கிறது, என் வீட்டிலும் உண்டு. அதிமதுரத்தில் மட்டும் கவனம். தினமும் மாதக்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். தண்ணீரில் போட்டால் பொங்குகிற சோடா உப்புத் தூளும் அப்படித்தான், அதில் சோடியம் நிறைய. புதினா சிலருக்கு அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தி எதுக்களிப்பைக் கூட்டும். பால் குடித்தால் உடனே குளிரும், ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அமிலத்தைத் தூண்டிவிடும்.

#12 கரூர்_பையன்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெலோடு பான்டோபிரசோல் கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அதை மட்டும் நிறுத்தலாமா என்று அப்பா கேட்கிறார்.

#13 மதுரை_மருந்தாளுநர்

வேண்டாம் தம்பி, வேண்டவே வேண்டாம். அந்த இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியும் அபாயம் அதிகம், அதைத் தடுக்கத்தான் பான்டோபிரசோல். அது தேவையோடு கொடுக்கப்பட்டது. கடையில் இல்லை என்று ஒமெப்ரசோலாகவும் மாற்றி வாங்காதீர்கள், அது குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கும். எதுவானாலும் இதய மருத்துவரைக் கேட்டுத்தான்.

#14 சேலம்_டீச்சர்

என் வயது 33. எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், கிருமிப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஆனாலும் நான்கு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்து கல் மாதிரி ஆகிவிடுகிறது. 'ஒன்றுமில்லை, டென்ஷன்' என்று அனுப்பிவிடுகிறார்கள். நான் நடிக்கிறேன் என்று மாமியார் நினைக்கிறார்.

#15 வெள்ளைச்_சீருடை

நீங்கள் நடிக்கவில்லை கண்ணு. கண்ணுக்குப் புண் தெரியாவிட்டாலும் இரைப்பை விரிந்து கொடுக்காமலும், நரம்புகள் அதிகமாக உணர்ந்துகொண்டும் இருப்பது உண்மையான கோளாறு. செயல்பாட்டு அஜீரணம் என்று பெயர். அஜீரணத்துக்குக் குழாய் விட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள். குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. அது மனநோய்க்கான மாத்திரை என்று கடையில் சொன்னால் பயந்துவிடாதீர்கள், இங்கே அது இரைப்பையின் நரம்புகளைச் சாந்தப்படுத்தக் கொடுப்பது. ஒரு குடல் இரைப்பை மருத்துவரிடம் இந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

#16 பனியன்_ஊர் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் ஒரு தகவல். ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, இரண்டு மாத்திரைப் பட்டைகளையும் மேசையில் வைத்தேன். டைக்ளோபினாக்கை அன்றே நிறுத்தினார். இடுப்புக்குப் பிசியோதெரபி. வலி தாங்காத நாளில் பாரசிட்டமால் மட்டும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 13.4, பயமில்லை. பி12 மட்டும் 160, குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்.

டோம்பெரிடோன் இல்லாத பான்டோபிரசோல் 40-ஐக் காலையில் சாப்பாட்டுக்கு முன் இரண்டு வாரம், பிறகு 20, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். இடையில் எரிந்தால் ஆன்டாசிட் ஜெல், ராத்திரி தேவைப்பட்டால் அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான ஃபாமோடிடின் 20. முன்னே எல்லோரும் போட்ட ரானிடிடினைக் கேட்டேன், 2019-இல் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் வரவழைக்கக்கூடிய மாசு அதில் கண்டுபிடிக்கப்பட்டதைச் சொல்லி, வேண்டாம் என்றார்.

நான்காம் வாரம் கஷ்டமாக இருந்தது. இரண்டு ராத்திரி நன்றாகவே எரிந்தது. இது அணை உடைகிற நேரம், வடிந்துவிடும் என்று மருந்தாளுநர் சார் எழுதியதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி இடைவேளையில் சாப்பாடு, அக்கா சொன்னபடி. செங்கல் வைத்தாயிற்று. டீ மூன்று.

#17 பனியன்_ஊர் (மேலும் நான்கு வாரம் கழித்து)

பான்டோபிரசோலை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகு எண்டோஸ்கோப்பி செய்தார்கள். உணவுக்குழாயின் அடியில் லேசான புண், 'ஏ' கிரேடு, அதாவது இருப்பதிலேயே லேசான நிலை. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சின்னச் சின்ன அரிப்புகள். கிருமிப் பரிசோதனை பாசிட்டிவ். செவிலியர் சகோதரி, நீங்கள் சொன்னபடி மூக்கால் மூச்சு விட்டேன், தாங்கிவிட்டேன். கிருமிக்கு 14 நாள் மருந்து. அதோடு பான்டோபிரசோலும் கொஞ்ச நாள் இருக்கிறது. இந்தத் தடவை எதற்காக, எத்தனை நாள் என்று தெரிந்து போடுகிறேன்.

எடை 80.5. மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனை. பான்டோபிரசோலை இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று தெரியும். அந்தச் சமயத்தில் எரிந்தால் ஃபாமோடிடின் போடலாமா?

#18 மதுரை_மருந்தாளுநர்

போடலாம் சார், ஆனால் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதையும் நிறுத்திவிடுங்கள். அந்த இரண்டு நாளும் ஆன்டாசிட் ஜெல் போதும். அன்று காலை வெறும் வயிற்றோடு போங்கள். நடுவில் சளி, காய்ச்சல் என்று யாராவது ஆன்டிபயாடிக் கொடுத்தால் பரிசோதனையை அது முடிந்து நான்கு வாரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.